எவ்வளவு வெயில் விடுவது?

கைவிட்ட ரப்பர்த் தோட்டத்தை மறுபடி காடாக்க வேண்டும் என்றால் பாராங் கத்தியைத்தான் முதலில் தேடுவோம். மண்டிய புதரை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளிவிட்டுக் கன்று நடலாமே! மலேசியாவின் பேராக்கில் அப்படிச் செய்தால், வெயில் பட்ட இடமெல்லாம் லாலாங் புல் ஏறிவிடும். அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. மேலே வெட்டினாலும் எரித்தாலும் மீண்டும் துளிர்க்கும். அமெரிக்க வெப்ப மண்டலத்துக் கொடியான மிக்கானியா இன்னும் மோசம். வெட்டிப் போட்ட துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், வேர்விட்டுவிடும். புல் வெட்டும் மெஷின் அதைக் களைவதைவிடப் பரப்புவதே அதிகம். இரண்டும் அடங்குவது நிழலில்தான்.

தெற்குப் பேராக்கின் சிக்குஸ் வனக் காப்பகத்தில், 1990களில் வனத்துறையும் ஜப்பானின் ஜைக்கா அமைப்பும் இந்த நிழலை வைத்தே வேலை செய்தன. அங்கே நின்றது ரப்பர் அல்ல, அக்கேசியா மாங்கியம். ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து மரம். கிடுகிடுவென வளரும், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். ஆனால் நடுமரம் உளுத்துப்போகும். அந்நிய மரம்தானே என்று அடியோடு சாய்க்கவில்லை. சில வரிசைகளை மட்டும் வெட்டி, திறந்த சந்துகளில் மெராந்தி போன்ற உள்நாட்டு மரங்களை நட்டார்கள். மிச்ச வரிசைகள் செவிலித்தாயாக நின்றன. (அந்நியம் என்று பார்த்தால் ரப்பரும் பிரேசில்காரன்தான், 1877இல் கோலகங்சாரில் வந்து இறங்கியது.)

மெராந்திக் கன்று ஓர் இரண்டுங்கெட்டான். முழு வெயிலில் இலை கருகும்; இருட்டில் சாகாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே சந்துகளை எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பதே உண்மையான தொழில்நுட்பம். குறுகினால் கன்று வளராது, அகன்றால் களை முந்தும். கன்று உயர உயர மேலும் வெளிச்சம் விட வேண்டும்.

விதையிலும் வம்பு உண்டு. மெராந்தி ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூத்துக் காய்க்கும். விழுந்த விதை சில வாரங்களில் செத்துவிடும், நெல்லைப்போல் சேமித்து வைக்க முடியாது. காய்த்த பருவத்தில் பொறுக்கி உடனே நாற்றங்காலில் போட்டால்தான் உண்டு.

நட்ட பிறகு சில ஆண்டுகளுக்குக் கன்றின் வரிசையில் மட்டும் களையெடுத்தால் போதும் என்பது பொதுவிதி. அதற்கு அடங்காதது செண்டுடோக் புலு என்ற அமெரிக்கச் செடி. அடர்ந்த காட்டு நிழலிலும் வளரும். கருநீலப் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். அதை மட்டும், பழுக்கும் முன்பே, கையால் வேரோடு பிடுங்க வேண்டும்.