புகுந்த வீட்டுக்கு ஒரு பெட்டி கையுறை

வட ஐரோப்பிய நாடான லாட்வியாவின் பழைய கிராமங்களில், கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வரும் பெண் முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். அடுப்பங்கரையில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வைப்பாள். கதவுகளில் வைப்பாள். மாட்டுத் தொழுவத்துக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் போய் அங்கும் வைப்பாள். பின்னாலேயே வரும் மாமியார் அவற்றை எடுத்துக்கொள்வார். மாமனார், நாத்தனார், கொழுந்தன், பெண் கேட்டு வந்து பேசி முடித்தவர், மணப்பெண் வந்த வண்டியை ஓட்டியவர் என எல்லோருக்கும் தனித்தனியே ஜோடிகள் உண்டு. கல்யாண விருந்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையுறை போட்ட கையோடு சாப்பிடும் வழக்கமும் இருந்தது.

இத்தனையும் ஒரு மரப்பெட்டியிலிருந்து வரும். அந்தப் பெட்டியை நிரப்பும் வேலை அவள் சிறுமியாக இருந்தபோதே தொடங்கிவிடும். மாடு மேய்க்கும்போதும், பொழுது சீக்கிரம் சாயும் குளிர்கால மாலைகளிலும் கை பின்னிக்கொண்டே இருக்கும். வசதியான வீட்டுப் பெண்ணின் பெட்டியில் நூறு ஜோடிக்கு மேல் இருந்ததுண்டு. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் காலெடுத்து வைப்பவள், தன் பொறுமையையும் கைத்திறனையும் ஆளுக்கு ஒரு ஜோடியாகக் கொடுத்து அறிமுகமாகிறாள். புது வீட்டுக்குக் குடிபோகும் சடங்குகளில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன். அந்த அழகு புரிய வேண்டுமானால், பின்னல் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நெசவுத் துணியில் பாவு நூல் நெடுக்கே ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். நூலை வளைத்து ஒரு கண்ணி போடுகிறோம். அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணியைப் பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் போட்டிருக்கும் பனியனை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஆங்கில ‘வி’ எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது தெரியும். திருப்பூரின் இயந்திரங்கள் போடுவதும் இதே கண்ணியைத்தான். 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தபோது, கையும் ஊசியும் செய்த வேலையையே கொக்கிகளுக்குப் பழக்கினார்.

கண்ணி வளைந்த நூல் என்பதால் இழுத்தால் நிமிரும்; பக்கத்துக் கண்ணியிலிருந்து கொஞ்சம் நூலை வாங்கிக்கொள்ளும்; விட்டால் பழைய வளைவுக்குத் திரும்பும். கை மடங்கும் இடத்திலெல்லாம் துணியும் கூட மடங்கிக் கொடுப்பது இதனால்தான். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால், அதற்கு நேர் கீழே உள்ள வரிசை படிப்படியாக அவிழ்ந்துகொண்டே போகும்.

லாட்வியப் பெண் இதை ஐந்து ஊசிகளால் செய்கிறாள். இரண்டு முனையும் கூரான ஊசிகள். தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். நான்கில் கண்ணிகளைப் பகிர்ந்து நிறுத்தி ஐந்தாவதால் பின்னிக்கொண்டு போனால், தையலே இல்லாத குழாய் ஒன்று வளரும். மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனியில் கூராக முடியும். வட்டத்துக்கு எண்பது தொண்ணூறு கண்ணிகள் இருக்கலாம். எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை திரும்பும் கோலமென்றால் எண்பதோ எண்பத்தெட்டோதான் போட முடியும். எண்பத்துநான்கு போட்டால் கோலம் முட்டிக்கொள்ளும். காகிதம் இல்லாமல், பள்ளிக்கூடம் போகாத பெண்களும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பின்னினார்கள்.

நிறங்கள் சேரும் இடத்தில்தான் வேலை நுட்பமாகிறது. ஒரு வட்டத்தில் பெரும்பாலும் இரண்டு நிற நூல்கள் ஓடும். கண்ணியாக மாறாத நூல் பின்பக்கம் சும்மா கடந்து போகும். கையுறையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், குறுக்கே சின்னச் சின்ன இழைகள் படிந்திருக்கும். இந்த இழை நீளமாக இருந்தால் உள்ளே விடும் விரல் மாட்டிக்கொள்ளும். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிக் கை நுழையாது. ஆகவே சில கண்ணிகளுக்கு ஒருமுறை நிறம் மாறும் நெருக்கமான கோலமே இதற்கு ஏற்றது. பின்னால் படியும் இழைகள் துணியை இரட்டைத் தடிமனாக்குவதால் குளிரும் உள்ளே வராது. கண்ணைப் பறிக்கும் அந்தப் பூவேலையே கையைச் சூடாகவும் வைக்கிறது.

கட்டைவிரலுக்கு ஒரு தந்திரம் உண்டு. விரல் வர வேண்டிய இடத்தில் வேறு நூல் துண்டு ஒன்றைச் சேர்த்து அத்தனை கண்ணிகளையும் பின்னிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மேலே போய்விடுவார்கள். கையுறை முடிந்ததும் அந்தத் துண்டை மெல்ல உருவினால் துளை திறக்கும். மேலும் கீழும் அவிழாத கண்ணிகள் வரிசையாக நிற்கும். அவற்றை ஊசியில் ஏற்றிக் கட்டைவிரலைப் பின்னுவார்கள். உள்ளங்கையின் கோலம் விரலிலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நல்ல கைவேலை என்றால் விரலை உள்ளங்கைமேல் படுக்க வைத்துப் பார்த்தால் விரல் இருப்பதே தெரியாது. மாமியார் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

ஆட்டு ரோமம் இயல்பிலேயே நெளிந்தது. நெளிவுகளுக்கிடையே காற்று தங்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சினாலும் கம்பளி நனைந்ததாகத் தோன்றாது. இந்தக் கையுறையில் கட்டைவிரலுக்கு மட்டுமே தனி உறை; மற்ற நான்கு விரலும் ஒரே அறையில் சேர்ந்திருப்பதால் ஒன்றின் சூடு மற்றதற்கும் கிடைக்கிறது.

கோலங்களில் சூரியன் வரும், விடிவெள்ளி வரும், ஒரே தாளில் இரண்டு கதிர் விட்ட தானியமாக வளத்தைக் குறிக்கும் ‘யூமிஸ்’ வரும். ‘நெருப்புச் சிலுவை’ என்று அவர்கள் அழைக்கும் சின்னம் நமக்குப் பழக்கமான ஸ்வஸ்திகா வடிவமே. ஒவ்வொரு கோலத்துக்கும் இன்று சொல்லப்படும் விளக்கங்களில் பல, 1920களில் எர்னெஸ்ட்ஸ் பிராஸ்டிங்ஷ் போன்றவர்கள் தொகுத்து வகைப்படுத்தியவை. அவற்றை அப்படியே பழங்காலத்துப் பெண்ணின் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் கையுறையைப் பார்த்து மகள் பின்னினாள். பக்கத்து வட்டாரத்துக்காரர் பார்த்ததுமே இது எந்த ஊர் வேலை என்று சொன்னார். அந்த அளவுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் நிறமும் அமைப்பும் மாறின.

1944இல் சோவியத் படை முன்னேறி வந்தபோது பல்லாயிரம் லாட்வியர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்துவிட்டு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று குடியேறினார்கள். அங்கும் பின்னல் நிற்கவில்லை. 1981இல் லிஸ்பெத் உபிடிஸ் அமெரிக்காவில் வெளியிட்ட கையுறைப் புத்தகம், இந்தக் கோலங்களை ஆங்கிலம் படிக்கும் பின்னல்காரர்களிடமும் கொண்டு சேர்த்தது. 2006 நவம்பரில் லாட்வியத் தலைநகர் ரீகாவில் நேட்டோ உச்சி மாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்குப் பரிசாகக் கையால் பின்னிய 4,500 ஜோடிக் கையுறைகளை லாட்வியா கொடுத்தது. கல்யாண வீட்டு வழக்கத்தை ஒரு நாடே கையில் எடுத்தது. ரீகாவின் திறந்தவெளி இனவியல் அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் கைவினைச் சந்தை கூடுகிறது. அங்கே பின்னியவரிடமே கையுறை வாங்கலாம்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் நேரே கையுறையில் இறங்க வேண்டாம். கொஞ்சம் தடித்த நூலும் நான்கு மில்லிமீட்டர் ஊசி இரண்டும் வாங்கி, ஒரே நிறத்தில் ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். கண்ணிகள் ஒரே அளவில் விழும்வரை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுங்கள்; நூல் வீணாகாது. கை பழகியபின் இரண்டாவது நிறத்தைச் சேர்க்கலாம்.