சோர்வும் சாப்பாடும்: எதையும் விடுவதற்கு முன்

“காலையில் எழும்போதே அசதியாக இருக்கிறது. முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது, எடை மட்டும் கூடுகிறது. எந்தச் சாப்பாட்டை விட்டால் சரியாகும், டாக்டர்?” நாளமில்லாச் சுரப்பிகள் மருத்துவப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எதை விட வேண்டும் என்றே பெரும்பாலோர் கேட்கிறார்கள். எதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர் அரிது. எங்களிடம் வருவதற்கு முன்பே சிலவற்றை விட்டுவிட்டும் வந்திருப்பார்கள். ஒருவர் கோதுமையை, ஒருவர் பாலை, ஒருவர் முட்டைக்கோசை, மற்றொருவர் இரவு உணவையே விட்டிருப்பார். மாத்திரையையும் சேர்த்து விட்டவர்களும் உண்டு. அவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உணவை மாற்றினால் சோர்வு நீங்குமா? அச்சோர்வின் காரணம் உணவால் திருத்தக்கூடியதாக இருந்தால் நீங்கும். சில நோய்களில் உணவே முதல் மருந்து. சிலவற்றில் அது மருந்துக்குத் துணை. வேறு சிலவற்றில் என்ன உண்கிறோம் என்பதைவிட எப்போது உண்கிறோம் என்பதே முக்கியம். எனவே தட்டை மாற்றுவதற்கு முன் காரணத்தை அறிய வேண்டும்.

சோர்வு என்பது நோயின் பெயரன்று. பல நோய்களின் பொதுவான குரல். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், பி12 உயிர்ச்சத்துக் குறைவு, சிறுநீரக நோய், காசநோய், குறட்டையோடு கூடிய உறக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகிய அனைத்தும் நோயாளியிடம் “அசதி” என்ற ஒரே சொல்லாகத்தான் வெளிப்படும். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., இரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின் போன்ற சில எளிய பரிசோதனைகள் பெரும்பாலும் வழியைக் காட்டிவிடும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரையை உட்கொள்பவர்கள், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தைராய்டு பரிசோதனை முடிவுகளை அது பொய்யாக மாற்றிக் காட்டக்கூடும்.

தைராய்டும் காலைக் காப்பியும்

இந்திய நகரங்களில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைசுரப்பு உள்ளதாக, 8 நகரங்களில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.  இக்குறைபாட்டுக்கு இன்று பெரும்பாலும் காரணமாக இருப்பது 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்த நோயாகும். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைப் பகையாகக் கருதிச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய் இது. அழிந்த திசுவை மீண்டும் சுரக்கச் செய்யும் கீரையோ கஷாயமோ இல்லை. சுரக்காத ஹார்மோனை மாத்திரையாகக் கொடுப்பதே மருத்துவம்.

அப்படியானால், மாத்திரையை நிறுத்தி உணவை மாற்றியதும் நன்றாக இருப்பதாகச் சிலர் கூறுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. லெவோதைராக்சின் மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரங்களில் பெரிய வேறுபாடு தெரியாது. அந்த நலத்தின் பெருமை முழுவதும் புதிய உணவுமுறைக்குப் போய்விடும். இரண்டு மாதம் கழித்து முகம் வீங்கி, குரல் கரகரத்து, மலச்சிக்கலோடு அவர் மீண்டும் வரும்போது, நிறுத்திய மாத்திரை எவர் நினைவிலும் இருப்பதில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இவ்வாறு நிறுத்துவது மிகவும் கவலைக்குரியது. கருவின் மூளை வளர்ச்சி தொடக்க மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் தற்காலிகத் தைராய்டு அழற்சியைப் போன்ற சில நிலைகளில் மாத்திரையை நிறுத்தவும் முடியும் என்பது உண்மையே. ஆனால் அதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்நோயில் உணவின் பங்கு பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது. மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ள வேண்டும். ஐந்தரைக்கு மாத்திரையும் ஐந்தே முக்காலுக்கு ஃபில்டர் காப்பியும் என்றால் மருந்தின் ஒரு பகுதி உடலில் சேராமலே போகும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். நோயாளிகள் பலர் வீட்டு வசதிக்காக எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போட்டுக் காலையிலேயே முடித்துவிடுகிறார்கள். மருந்தளவைக் கூட்டுவதற்கு முன் நாங்கள் அந்த டப்பாவைப் பற்றித்தான் முதலில் விசாரிப்போம்.

முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவற்றை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் உடலுக்கு, வேகவைத்து வழக்கமான அளவில் உண்ணும் இக்காய்களால் தீங்கு நேர்வதில்லை. கம்பைப் பற்றியும் இதே அச்சம் உண்டு. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடம் கழலை மிகுந்திருந்தது. ஆனால் அவர்களுக்கு அயோடினும் குறைவாக இருந்தது. வாரம் இரண்டு நாள் கம்பங்கூழ் குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. எங்களைக் கவலைப்படுத்துவது வேறொன்று. இயற்கையானது என்ற எண்ணத்தில் பல வீடுகளில் அயோடின் கலந்த உப்பை அறவே நிறுத்திவிட்டு இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் மாறியிருக்கிறார்கள். அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பில் உடலுக்குப் போதிய அயோடின் இல்லை. நம் நாட்டில் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1962-இல் தொடங்கப்பெற்று, பல பத்தாண்டு முயற்சியால் அடைந்த பயனைச் சமையலறையிலேயே இழக்க வேண்டாம். உப்பின் அளவை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் குறையுங்கள். குறைத்த உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

கோதுமையைப் பற்றியும் ஒரு சொல். சீலியாக் என்னும் குடல் நோய் உள்ளவர்கள் கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்கவே வேண்டும். தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயாளிகளிடம் அது பிறரைவிடச் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் தென்னிந்தியாவில் வட இந்திய அளவுக்கு இல்லை. ஐயமிருந்தால் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். விட்ட பிறகு பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டக்கூடும்.

இரும்பு

தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே மாதவிலக்கு உள்ள ஒரு பெண் சோர்வு என்று வந்தால் எங்கள் ஐயம் முதலில் இரும்பின்மேல்தான் செல்லும். ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பவர்களுக்கும் சோர்வு உண்டு.

இங்கே உணவு மாற்றம் உதவும். ஆனால் ஹீமோகுளோபின் 7-ஆகக் குறைந்தவரைக் கீரையால் மட்டும் 12-க்கு உயர்த்த முடியாது. அவருக்கு மாத்திரையோ ஊசியோ வேண்டும். இரத்தம் எங்கே இழக்கப்படுகிறது என்பதையும் கண்டறிய வேண்டும். மீண்டும் குறையாமல் காப்பதற்குத்தான் உணவு. முருங்கைக்கீரை, பயறு வகைகள், கேழ்வரகு ஆகியவற்றின் இரும்பை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. அவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்று வைட்டமின் சி மிகுந்த ஒன்று சேர்ந்தால் ஈர்ப்புக் கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அசைவம் உண்பவர்களுக்கு மீனும் ஈரலும் ஆட்டிறைச்சியும் எளிதில் சேரும் இரும்பைத் தரும். கருவுற்றவர்கள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். பேரீச்சம்பழச் சாறு புட்டிகளை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். அதில் முதன்மையாக இருப்பது சர்க்கரை.

பி12 விலங்கு உணவுகளில் மட்டுமே இயல்பாகக் கிடைப்பது. பாலும் தயிரும் குறைவாகக் கொள்ளும் சைவ உணவினரும், மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களும் அதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

உணவே முதல் மருந்தாகும் இடம்

பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பைக் கோளாற்றை நீர்க்கட்டி என்று அழைத்து நாமே அச்சத்தை வளர்த்துவிட்டோம். ஸ்கேனில் தெரிபவை அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். இவர்களுள் பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை; ஈடுகட்ட உடல் மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும், முகத்தில் முடி வளர்வதும், உண்ட சிறிது நேரத்தில் கண்ணைக் கட்டும் அசதியும் இச்சங்கிலியோடு தொடர்புடையவை. உடல் எடை மிகுந்தவர்கள் அதில் 5 முதல் 10 விழுக்காட்டைக் குறைத்தாலே, பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது மூன்றரைக் கிலோவில் தொடங்குகிறது. முப்பது கிலோ குறைக்க வேண்டும் என மலைத்து நின்றவர்களுக்கு இக்கணக்கே ஊக்கம் தருவதைக் கண்டிருக்கிறோம்.

எந்த உணவுமுறை சிறந்தது? 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்றில்லை என்றே கூறுகிறது. தொடர்ந்து கடைப்பிடிக்க முடிவதே உங்களுக்கு ஏற்றது. நம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டால், சோற்றைக் குவித்து அதன் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல் வைப்பது வழக்கம். இதைத் திருப்பிப் போடுங்கள்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொண்ட காலையுணவில் இரண்டு இட்லியைக் குறைத்து, கெட்டியான சாம்பாரும் ஒரு முட்டையும் அல்லது ஒரு கிண்ணம் பயறும் சேர்த்தால் பதினொரு மணிப் பசியும் அசதியும் குறைவதை உணர்வீர்கள். சிறுதானியம் என்பதற்காக அளவின்றி உண்ணலாகாது. நைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் கேழ்வரகும் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும்.

குறைத்து உண்பதும் ஒரு நோயாகும்

அண்மை ஆண்டுகளில் நாங்கள் மிகுதியாகக் காண்பது இது. எடை குறைய வேண்டும் என்று ஒருவேளை மட்டும் உண்டு, மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்யும் இளம்பெண்களின் மூளை, உடலில் ஆற்றல் போதவில்லை என உணர்ந்து, இனப்பெருக்க ஹார்மோன்களை நிறுத்திவைக்கிறது. மாதவிலக்கு நின்றுபோகிறது. செயல்படும் தைராய்டு ஹார்மோனும் குறைகிறது, குளிர் தாங்க முடிவதில்லை, எலும்பு வலுவிழக்கிறது. பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்தே முடி கொட்டுவதால் இரண்டுக்குமுள்ள தொடர்பு எவருக்கும் தெரிவதில்லை. ஹார்மோன் கோளாறு முற்றிவிட்டது என்று எண்ணி உணவை மேலும் குறைக்கிறார்கள். இவர்களுக்கு நாங்கள் எழுதித்தரும் மருந்து, வயிறார மூன்று வேளை உணவு.

இனி எச்சரிக்கை ஒன்று. “அட்ரினல் களைப்பு” என்ற பெயரில் விற்கப்படும் உணவுத்திட்டங்களும் பொடிகளும் உள்ளன. மருத்துவத்தில் அப்படியொரு நோய் இல்லை. ஆனால் அட்ரினல் சுரப்பி உண்மையாகவே செயலிழக்கும் அடிசன் நோய் உண்டு. எடை குறைதல், தோல் கறுத்தல், எழுந்தால் தலைசுற்றல், உப்பின்மேல் அடங்கா ஆசை ஆகியவை அதன் அடையாளங்கள். நம் நாட்டில் காசநோயும் அதற்கொரு காரணம். பெயரற்ற பொட்டலங்களில் வரும் சில வலிநீக்கிப் பொடிகளிலும் எடையேற்றும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அவற்றை நீண்டகாலம் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினாலும் இதே ஆபத்து நேரும். அத்தகையவர்கள் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

எல்லாப் பரிசோதனையும் இயல்பாக இருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் முடக்கும் சோர்வு, சிறு உழைப்புக்குப் பின்னரே படுக்கையில் வீழ்த்தும் நலிவு, உறங்கி எழுந்தும் நீங்காத களைப்பு உடையவர்களுக்கு நாட்பட்ட சோர்வு நோய் இருக்கக்கூடும். அதைக் குணப்படுத்தும் உணவு எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. அதற்காக அவர்களது சோர்வு பொய்யாகிவிடாது.

குடும்பத்தாருக்கு: நோயாளி வீட்டில் சமைப்பவராகவே இருந்தால், அவர் எல்லாருக்கும் பரிமாறிய பின் மிஞ்சியதை உண்கிறாரா என்று பாருங்கள். குழம்பின் அடியில் காயும் பருப்பும் தீர்ந்தபின் எஞ்சுவது சோறும் இரசமும்தான். அவருக்கெனத் தனிச் சமையலைச் சுமத்தாமல் வீட்டின் தட்டையே மாற்றுங்கள். அவர் பங்கை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

பலன் எப்போது தெரியும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் நான்கு வாரத்தில் உயரத் தொடங்கும். இயல்பான அளவை அடைந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். தைராய்டு மருந்தளவை மாற்றினால் டி.எஸ்.எச். பரிசோதனையை ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மீண்டும் செய்ய வேண்டும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் உணவு மாற்றத்தின் பலனைக் காண மூன்று முதல் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மாதவிலக்கு நாட்களை நாட்காட்டியில் குறித்து, மறுமுறை வரும்போது உடன் கொண்டு வாருங்கள்.