ஏடிஎம் கார்டு யார் கையில்? காயம் தெரியாத குடும்ப வன்முறை. தோழிக்கு எப்படி உதவலாம்?

சம்பளம் வந்த அன்றே அக்கவுன்ட் காலி. லஞ்ச் முடிவதற்குள் வீட்டிலிருந்து மூன்று போன். டீம் அவுட்டிங் என்றால், 'இந்த வாட்டி முடியாதுப்பா'. பக்கத்து சீட் தோழிக்கு இப்படி நடந்தால், 'வீட்டுக்காரர் கொஞ்சம் பொசசிவ்' என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சட்டம் அப்படிச் சிரிப்பதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டு சட்டத்தில் அடி, உதை மட்டும் வன்முறை இல்லை. சம்பளம், நகையைப் பறிப்பது, குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாமே அதில் வரும்.

அதற்காக, கணவர் நாலு முறை போன் செய்தாலே வன்முறை என்று முடிவுகட்ட வேண்டாம். கவனிக்க வேண்டியது பயத்தை. போன் அடித்ததும் முகம் மாறுகிறதா? பத்து நிமிடம் லேட்டானால் பதறுகிறாரா?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18-49 வதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாடு முழுக்க, வன்முறைக்கு உள்ளானவர்களில் உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம்.

எனவே முதலில் கேளுங்கள். தனியாக இருக்கும்போது, 'எல்லாம் ஓகேவா? ஏதாவது இருந்தா சொல்லு' என்றால் போதும். 'ஏன் இன்னும் அங்கேயே இருக்க?' என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் ஆபத்து அதிகம். எப்போது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆதார், சான்றிதழ் நகல்களை உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். கணவரிடம் போய் நியாயம் கேட்காதீர்கள், அந்தக் கோபமும் அவர் மேல்தான் இறங்கும்.

'வீடு மாமனார் பேர்ல இருக்கு, எங்க போறது?' என்ற தயக்கம் பலருக்கு உண்டு. மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் மருமகள் வசிக்கும் உரிமை கோரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வயதான மாமனார், மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும்.

மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது. ஆனாலும் தோழியைக் கேட்காமல் செய்யாதீர்கள். உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.

ஆலோசனைக்கு 181 மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. அவர் போனை வேறு யாராவது பார்க்கலாம் என்பதால், இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முதல் கால் உங்கள் போனிலிருந்தே போகட்டும்.