குறைமாதக் குழந்தையின் விழித்திரை: சிகிச்சைக்குப் பிறகு பார்வை

கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரையில், ரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வாரத்தையொட்டி வளரத் தொடங்கி, 40ஆம் வார அளவில்தான் அதன் ஓரங்களை எட்டுகின்றன என்பதால், 28 வாரத்தில் பிறந்துவிடும் குழந்தைக்கு அப்படலத்தின் வெளிப்பகுதி ரத்த ஓட்டமின்றியே இருக்கிறது. பிராணவாயு போதாத அப்பகுதி, குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை மிகுதியாகச் சுரக்க, முறையற்ற குழாய்கள் படர்ந்து தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடுவதும் உண்டு. இதுவே குறைமாத விழித்திரை நோய்.

சிகிச்சையின் உடனடி நோக்கம் அந்தப் பிரிவைத் தடுப்பதாகும். ஆனால், பிரியாமல் காக்கப்பட்ட விழித்திரை தெளிவான பார்வையைத் தந்தே தீரும் என்பதில்லை. இதைப் பெற்றோருக்குத் தொடக்கத்திலேயே விளக்குவது மருத்துவரின் கடமை.

அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், நோய் முற்றிய குழந்தைகளின் ஒரு கண்ணுக்கு உறையவைக்கும் சிகிச்சை அளித்து, மறு கண்ணை அப்படியே விட்டுக் கண்காணித்தனர். பிறர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண முடிகிற நிலைக்கோ அதற்கும் கீழோ, 15 ஆண்டுகளுக்குப் பின் சிகிச்சை பெறாத கண்களில் 64.3 விழுக்காடும், பெற்ற கண்களில் 44.7 விழுக்காடும் தாழ்ந்திருந்தன. பலன் ஐயத்துக்கு இடமற்றது; எனினும் இழப்பும் பெரிதே. 10 வயதைக் கடந்த பின்னரும் சில கண்களில் விழித்திரை புதிதாகப் பிரிந்தது என்பது அவ்வாய்வு தந்த முக்கியமான எச்சரிக்கை.

பின்னர் வந்த லேசர், குழாய் வளராத ஓரப்பகுதியைச் சுட்டு, பக்கப்பார்வையில் சிறிதை விட்டுக்கொடுத்து மையப் பார்வையைக் காக்கிறது. 2011 முதல் பரவலான கண்ணூசி மருந்துகள் அப்புரதத்தை அடக்குகின்றன. லேசருக்குப் பின் வரும் கடும் கிட்டப்பார்வை இம்முறையில் குறைவு என்றாலும், நோய் தாமதமாகத் திரும்பக்கூடும் என்பதால் பல வாரங்கள் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

எம்முறையானாலும் கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண்ணை மூளை புறக்கணிப்பதால் வரும் மங்கல் ஆகியவை பின்னர் தோன்றலாம். இவற்றுள் பலவற்றை, மூளையின் பார்வைப் பகுதி முதிரும் முன்பே, கண்ணாடியாலும் நல்ல கண்ணை மறைத்துவைக்கும் பயிற்சியாலும் பெருமளவு சீராக்க முடியும்.

இந்தியாவில், 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். சிகிச்சை பெற்ற குழந்தையையோ, பார்வையில் குறை தென்படாதபோதும், பள்ளிப் பருவம் முழுவதும் ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் பெற்றோர் அழைத்துச் செல்ல வேண்டும்.