வயலின் பழகும் குழந்தைக்கு உங்கள் கம்ப்யூட்டர் தரும் உற்சாகம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. தமிழில் டைப் செய்யவும் பழகியாயிற்று. கேம்ஸ் போரடித்துவிட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களில், வீட்டில் வயலின் பழகும் சிறு குழந்தை உள்ளவர்களுக்காக இந்தக் கட்டுரை. வீணை, மாண்டலின் பழகுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சரியான சுரம் தானாக வந்துவிடும். வயலினில் அப்படி இல்லை. வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இதில் கிடையாது. விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சுரம் மாறும். போதாக்குறைக்கு வில் வேறு நடுங்கும். மூன்று மாதமாகியும் சரளி வரிசைதான் ஓடிக்கொண்டிருக்கும். "அந்தக் கீச்சுச் சத்தத்தை கொஞ்சம் நிறுத்து கண்ணு" என்று அப்புச்சியே சொல்லிவிடுவார். பெரும்பாலான குழந்தைகள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் தெருவிலேயே வயலின் பெட்டி பரண் மேல் ஏறிவிட்ட வீடுகள் இரண்டு உண்டு.

குழந்தை முன்னேறாமல் இல்லை. தினமும் சிறிது சிறிதாக வருவதால் அதன் காதுக்கே அது தெரிவதில்லை. அதைக் கேட்க வைக்கத்தான் கம்ப்யூட்டர்.

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும். 2000-ம் ஆண்டு முதல் கிடைத்து வருகிறது. அதன் சொந்த இணைய தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்து திறந்ததும் சிவப்பு வட்டமுள்ள பட்டனைக் கிளிக் செய்தால் ரெக்கார்டிங் தொடங்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும். தனி மைக் தேவையில்லை. லேப்டாப்பில் உள்ள மைக்கே போதும். குழந்தைக்கு மூன்று, நான்கு அடி தள்ளி ஒரு பலகை மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். (ஆடி மாதம் கோயில் மைக் செட்டை நிறுத்த வழியில்லை. இடைவெளி பார்த்துத்தான் பதிய வேண்டும்.)

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பதிந்ததைக் கேட்டால், நீளமாக இழுத்த வில்லின் ஓசை நடுவில் தேய்ந்து காணாமல் போயிருக்கும். குழந்தையும் வில்லும் சரியாகத்தான் இருக்கும். பல லேப்டாப்களில் பேச்சைத் தவிர மற்ற ஓசைகளை இரைச்சல் என்று குறைக்கும் வசதி இருக்கிறது. அது வயலினையும் இரைச்சல் என்றே நினைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், இன்புட் பகுதியில் உங்கள் மைக்கைக் கிளிக் செய்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்துவிடுங்கள்.

வாரம் ஒரு நாள், மூன்று நிமிடம் பதிந்தால் போதும். தினமும் பதிந்தால் பரீட்சை போலாகிவிடும். எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்தால் 128 கேபிபிஎஸ்-ல் நிமிடத்திற்கு சுமார் 1 எம்.பி. தான். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 160 எம்.பி.யைத் தாண்டாது. பைலுக்கு ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் பெயர் வையுங்கள். போல்டரில் தானாக வரிசையாக நிற்கும்.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாவது மாதம் "இனிமே கிளாஸுக்குப் போகலீங்கப்பா" என்றாள். நான் எதுவும் சொல்லாமல் முதல் வாரத்துப் பைலை ஓடவிட்டேன். சிரித்துவிட்டாள். அடுத்து அந்த வாரத்துப் பைல். "இது நான் வாசிச்சதுங்களா?" என்று திரும்பவும் போடச் சொன்னாள். திரையில் தெரியும் அலைப் படமும் அவளுக்குப் பிடித்துப் போனது. முதல் வாரத்தில் முடிச்சு முடிச்சாக இருந்தது, இப்போது பட்டையாக, சீராக இருந்தது. தான் இழுத்த வில்லைக் கண்ணால் பார்க்க முடிகிறதே! அடுத்த வகுப்புக்குக் கிளம்பச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அப்படிக் கேட்கும்போது பிழைகளைச் சுட்டிக் காட்டாதீர்கள். அது ஆசிரியரின் வேலை. "எது உனக்குப் பிடிச்சிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தையைக் கேட்காமல் உறவினர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதும் வேண்டாம்.

ஆசிரியரின் அனுமதியோடு அவர் பாடிக் காட்டுவதையும் பதிந்து வையுங்கள். ஜப்பானில் குழந்தைகளுக்கு வயலின் கற்பித்த ஷினிச்சி சுசுகி (1898-1998), தாய்மொழி போலவே இசையும் முதலில் காது வழியே வர வேண்டும் என்றார். பாடங்களின் இசைத்தட்டுகளை வீட்டில் தினமும் போட்டுக் கேட்கச் செய்தார். நம் பக்கத்து உதாரணம் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969-2014). ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்தவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாட, சிறுவன் அதைக் கேட்டு வாசிப்பான்.

ஆசிரியர் பாடியது வேகமாக இருந்தால் ஆடாசிட்டியில் அந்தப் பகுதியைத் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் டெம்போ' சென்று -25 என்று கொடுங்கள். சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். பக்கத்திலேயே 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் சுருதியும் இறங்கிவிடும், குழந்தையின் வயலினோடு சேராது.

இணையத்தில் கிடைக்கும் வயலின் டியூனர்களை நம்பித் தந்தியை முறுக்காதீர்கள். அவை மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று காட்டும். கர்நாடக இசையில் நான்கு தந்திகளும் ச, ப, ச, ப என்று சேர்க்கப்படுகின்றன. மேல் தந்தியை ஈ வரை ஏற்றப் போனால் அறுந்துவிடலாம். சுருதி சேர்ப்பதை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள்.

போல்டரை மாதம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் போனால் புரோகிராமைத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். முதல் வாரத்துக் கீச்சுச் சத்தத்தைத் திரும்பப் பதிய முடியாது.