பேய்க்கும் உண்டு ரூல்ஸ்!

டிராகுலாவைப் பார்த்து இப்போது யார் சார் பயப்படுகிறார்கள்? பாவம், கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கோட்டை வாசலில் வந்து நின்றால், பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான் நம்ம ஆள். ஜாம்பி நிலைமை இன்னும் மோசம். 1996-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டபோது, ஒரே ஒரு ஜாம்பி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்க்கும். அவ்வளவுதான், குலை நடுங்கும். அதற்கப்புறம் வந்த கேம்களில் கும்பல் கும்பலாகச் சுட்டுத் தள்ளியதில், ஜாம்பி என்றால் மார்ச் மாசக் கடைசியில் மேஜையில் குவிகிற ஃபைல் மாதிரி ஆகிவிட்டது. தீர்க்க வேண்டும். பயம் கியம் எல்லாம் கிடையாது!

ராஜபாளையத்தில் என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான். காலேஜ் முடித்துவிட்டு மொட்டை மாடி ரூமில் கம்ப்யூட்டரோடு குடித்தனம். சொந்தமாகப் பேய் கேம் ஒன்று செய்யப் போகிறானாம்.

“என்னடா பேய்?”

“வாம்பயர்தான் மாமா. ஆனா நம்ம ஊர் வாம்பயர். வேட்டி கட்டியிருக்கும்!”

வேட்டி கட்டினால் டிராகுலா ராஜபாளையத்துக்காரர் ஆகிவிடுவாரா? அப்படிப் பார்த்தால் பொங்கலன்றைக்கு எங்கள் ஆபீஸே கிராமம்தான்.

இந்த இடத்தில்தான் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். பேய்க்கு டிரெஸ் மாற்றினால் போதாது. எப்போது வரும், எதற்கு வரும், எதைக் கண்டால் நிற்கும், என்ன கொடுத்தால் போகும்... இந்த ரூல்ஸ்தான் பேய். அது நம்ம கிழவிகளிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

மோகினியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை, கொலுசு, மல்லிகைப்பூ என்று சினிமாக்காரர்கள் துவைத்துக் காயப்போட்ட சரக்கு. ஆனால் பழைய ஆட்கள் சொல்கிற மோகினி பாட்டுப் பாடாது. ராத்திரி தனியாகப் போகிறவனிடம் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்கும். கொடுக்காவிட்டால் கோபம் வரும். விரலால் கொடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். கத்தி முனையிலோ, இரும்பு ஆணியிலோ தொட்டு நீட்ட வேண்டும். இரும்புக்குக் கிட்டே அது வராது.

இப்போது கேமை யோசியுங்கள். ராஜபாளையத்தில் மில்லுக்குப் பஞ்சமில்லை. செகண்ட் ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் சைக்கிளில் வருகிறீர்கள். துப்பாக்கி கிடையாது. சட்டைப்பையில் ஒரு சுண்ணாம்பு டப்பா. வழியில் ஒருத்தி நின்று கேட்கிறாள். அவள் மோகினியா, வெற்றிலை போடுகிற சாதாரணப் பொம்பளையா? ஆணியை நீட்டினால் அவமானம். விரலை நீட்டினால் ஆபத்து. ஆயிரம் ஜாம்பி தராத பயத்தை இந்த அரை நிமிஷம் தருமா, தராதா?

வெளிநாட்டுக்காரன் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். 2018-ல் இந்தோனேஷியாவிலிருந்து ‘பமாலி’ என்று ஒரு கேம் வந்தது. பமாலி என்றால் ‘செய்யக் கூடாதது’ என்று அர்த்தம். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே, உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று நம்ம வீட்டில் சொல்கிற சமாசாரம்தான். பழைய வீட்டை விற்பதற்காகச் சுத்தம் செய்ய வருகிறான் ஒருத்தன். கூடாததைச் செய்யச் செய்ய, அதற்கேற்ற மாதிரி தொந்தரவு வரும். அதில் வருகிற ‘குண்டிலானாக்’, பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்ணின் ஆவி.

இதைக் கேட்டதும் எனக்குச் சுமைதாங்கிக் கல்தான் ஞாபகம் வந்தது. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காக நம்ம ஜனங்கள் சாலையோரம் நட்டது. இரண்டு கல் நின்றிருக்கும், மேலே ஒன்று படுத்திருக்கும். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால், அவள் வயிற்றுச் சுமை இறங்குமாம். ஒரு கேமுக்கு இதைவிட நல்ல கிளைமாக்ஸ் எந்த ஹாலிவுட்காரன் எழுதுவான்? கடைசி ஸ்டேஜில் பேயைச் சுடுவதில்லை சார்... கல் நடுகிறீர்கள்.

போலந்துக்காரர்கள் 2015-ல் வெளியிட்ட ‘விட்சர் 3’ கேமிலும் ஒரு குட்டிப் பூதம் வருகிறது. பெயர் வைக்காமல் புதைத்த குறைப்பிரசவக் குழந்தை அது. கத்தியால் வெட்டிப் போடலாம். அல்லது, பெற்ற தகப்பனே அதைக் கையில் ஏந்திப்போய், பெயர் சூட்டி, வாசற்படியில் புதைக்கலாம். புதைத்தால் அதே பூதம் வீட்டுக்குக் காவலாகிவிடும். உலகம் பூராவும் அந்தக் காட்சியைக் கொண்டாடினார்கள். நம்ம ஊரில் இதை எத்தனையோ தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம். அநியாயமாகச் செத்தவருக்குப் பீடம் போட்டு, பொங்கல் வைத்தால் குலதெய்வம்!

ரூல்ஸ் விஷயத்தில் நீலி கதைக்கு ஈடே இல்லை. திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். தன்னைக் கொன்றவனை மறுபிறவியிலும் விடாமல் துரத்துகிறாள் நீலி. அவன் கையில் மந்திரக் கத்தி இருக்கிறவரை நெருங்க முடியவில்லை. பார்த்தாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுட்டார்” என்று ஊர்ப் பஞ்சாயத்தில் அழுதாள். எழுபது வேளாளர்களும் அவளை நம்பி, ‘உன் உயிருக்கு எங்கள் உயிர் ஜவாப்’ என்று சொல்லி, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு அவனை அவளோடு அனுப்பினார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். கவனியுங்கள்... பேய் கத்தியைப் பிடுங்கவில்லை. நியாயம் பேசுகிறவர்கள்தான் பிடுங்கினார்கள். அது எவ்வளவு பெரிய திகில்!

பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். (அவனுக்குப் பால்கோவா ஆசை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. நம்ம பேய்களுக்கு எப்போது கிடைக்குமோ!) பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வேட்டைக்குக் கிளம்பும் முனியைச் சுட்டால் நூறு பாயின்ட் என்று பையன் விளக்கினான். பெரியம்மா பாக்கு இடிப்பதை நிறுத்தினார்.

“ஏய்யா, சுட்டா முனி செத்துருமா? அப்புறம் கம்மாயை யாரு காப்பா?”

பையன் முழித்தான். நானும்தான். மேலைநாட்டில் டிராகுலாவுக்குப் படையல் வைக்கிறவர் கிடையாது. இங்கே முனியும் கருப்பனும் வழிபடுகிற சாமி. ராஜபாளையத்து மலையடிவாரத்தில் அய்யனாருக்கே நீர்காத்த அய்யனார் என்றுதான் பெயர். அவர்களை வில்லனாக்கி வெடி வைப்பது சாமிக்கு மரியாதைக் குறைவு என்பது இருக்கட்டும், கதைக்கே நஷ்டம். காவல்காரனை வழியில் சந்தித்தால் சுடுவதில்லை, ஒதுங்கி நிற்பதுதான் வழக்கம். ஒதுங்கத் தெரியாதவனுக்குத்தான் ஆபத்து.

நாயை மட்டும் பையன் பிடித்துக்கொண்டான். 2005-ல் தபால்தலையிலேயே வந்த ராஜபாளையம் நாய். இந்த ஜாதியில் காது கேளாமல் பிறக்கிற குட்டிகள் அதிகம். “சூப்பர் மாமா! கொலுசுச் சத்தம் எனக்குக் கேட்கும், நாய்க்குக் கேட்காது. மல்லிகை வாசம் அதுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.” பரவாயில்லை, தேறிவிடுவான்.

பெரியம்மா அன்றைக்குச் சொன்ன கதை நல்லதங்காள். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளைப் போட்டுத் தானும் விழுந்த கிணறு என்று அங்கே ஒரு கிணற்றையும் காட்டுவார்கள். பஞ்சத்தில் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்துக்கொள்கிறாள். பிறகு உலை வைக்கப் பச்சை விறகையும் ஓட்டைப் பானையையும் கொடுக்கிறாள்.

“கிணத்துல இருந்து பேயா வர்றாங்களா பாட்டி?” என்றான் பையன்.

“சீ! அவ சாமிடா. பேய் உள்ளேல்ல இருந்தா, கதவைச் சாத்திக்கிட்டு!”

அப்புறம் பையன் பால்கோவாவைக்கூடத் தொடவில்லை. வாம்பயரை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கிவிட்டான். இப்போது கேமில் நீங்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறீர்கள். குதிரில் நெல் இருக்கிறது. வெளியே ஏழு குழந்தைக் குரல். தாழ்ப்பாள் உங்கள் கையில். திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம். திறக்காமல் இருந்தால் ஒவ்வொரு குரலாகக் குறையும். பேய் என்று எதுவுமே வராது.

போன வாரம் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்காகப் பெரியம்மா வீட்டு வாசலில் செல்போனோடு நின்று பதிவு செய்துகொண்டிருந்தான். மூன்று தரம் தட்டினான். நாலாவது தரம் உள்ளேயிருந்து குரல் வந்து ரெக்கார்டிங் கெட்டுப்போனது.

“யாருய்யா அது? கதவு திறந்துதான் கிடக்கு, உள்ள வாங்க... சாப்டீங்களா?”