ஆட்டமும் மருந்தாகுமோ?

சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டு, சமணர் குகை, பழைய ஏட்டுச்சுவடி என்று போகும். இந்த முறை விஷயம் வேறு. சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் இளம் தாய் என்னிடம் வந்து, "ஐயா, உங்க பேரனுக்கு வீடியோ கேம் வெச்சு பிசியோதெரபி பண்ணினீங்களாமே, அது நிஜமாவே பலன் தருமா? ரொம்பப் பணம் கேக்கறாங்க" என்றார். மண்டபத்து இரைச்சலில் நான் சொன்னது அரைகுறைப் பதில். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மும்பையில் நாற்பது வருஷமாக எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவன். படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் மட்டுமே சொல்வேன்.

பெருமூளை வாதத்தை நோய் என்று சொல்வதே அவ்வளவு சரியில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்டுவிட்ட ஒரு காயத்தின் விளைவு அது. கருவில் இருக்கும்போதோ, பிரசவத்திலோ, பிறந்த பிறகு சிறு பருவத்திலோ அந்தக் காயம் நேரலாம். குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. காயம் அதற்கு மேல் பெருகாது. ஆனால் உடம்பு வளருமே! எலும்பு நீளும் வேகத்துக்கு விறைத்த தசை நீண்டு கொடுக்காது. அதனால்தான் மூன்று வயதில் லேசாக நுனிக்காலில் நடந்த பிள்ளைக்குப் பத்து வயதில் குதிகால் தரையில் படாமலே போய்விடுகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861இல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்து, பிரசவக் கோளாறே காரணம் என்றார். 1897இல் சிக்மண்ட் பிராய்டு (கனவுகளைப் பற்றி எழுதிய அதே பிராய்டுதான், அவர் நரம்பு மருத்துவரும்கூட) இதையே திருப்பிப் போட்டார். பிரசவம் சிக்கலானதே கருவில் முன்பே இருந்த கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்பது அவர் வாதம். காரணம் பல என்று இன்றைக்குத் தெரிகிறது.

எங்கள் சமண வீடுகளில் இந்த இடத்தில் "வினை" என்ற சொல் சீக்கிரமாக வந்துவிடும். உறவில் ஒரு பெரியவர் என் மருமகளிடம் அதைச் சொல்லியே விட்டார். வினைக் கோட்பாட்டில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அது அவரவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வந்ததே தவிர, பிள்ளை பெற்றவளைப் பார்த்துச் சொல்ல வந்ததல்ல.

என் பேரன் 2008இல் பிறந்தவன். இடது கை, இடது கால் இரண்டிலும் விறைப்பு. நடப்பான், ஆனால் இடது காலை இழுத்து வைப்பான். இடது கை மார்போடு ஒட்டி மடங்கியே இருக்கும். ஆறு வயது வரை பார்த்த பயிற்சியெல்லாம் ஒரே மாதிரி. காலை நீட்டு, கையைத் தூக்கு, பத்து எண்ணு. அவன் அழுவான், என் மருமகளும் கூடவே அழுவாள். நாலாவது நாள் "வேண்டாம் மாமா, இன்னிக்கு விட்டுடலாம்" என்பாள்.

மூளை புது வழி கற்க வேண்டுமானால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். எத்தனை முறை? அமெரிக்காவில் காதரின் லாங் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 2009இல் ஒரு கணக்கெடுத்தார்கள். பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கான பயிற்சி அமர்வுகளில், காரியத்துக்கு உதவும் கையசைவு சராசரியாக 32 முறைதான் நடந்தது. விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் மூளையில் மாற்றம் தெரிய நூற்றுக்கணக்கான முறை தேவைப்பட்டது. அது பெரியவர்கள் சமாச்சாரம் என்றாலும் கணக்கு நமக்கும் பொருந்தும். ஒரு குழந்தையை 32 தடவை கை தூக்க வைப்பதே பெரும்பாடு. முந்நூறு தடவைக்கு எங்கே போவது? ஆட்டம் உள்ளே வந்த வாசல் இதுதான்.

2006 நவம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதுவரை பொத்தானை அமுக்கினால் ஆட்டம். இதிலோ கையில் உள்ள கோலை வீசினால்தான் திரையில் பந்து போகும். உள்ளே அசைவை அளக்கும் உணர்கருவி இருந்தது. நியூஜெர்சியில் ஜூடித் டாய்ச் என்ற பிசியோதெரபி பேராசிரியரும் குழுவினரும் பெருமூளை வாதம் உள்ள 13 வயதுப் பிள்ளை ஒருவருக்கு இதை வைத்து 11 அமர்வுகள் பயிற்சி கொடுத்து 2008இல் வெளியிட்டார்கள். உடம்பை நிமிர்த்தி நிறுத்துவதிலும் நடமாட்டத்திலும் முன்னேற்றம் இருந்தது. ஒரே ஒரு பிள்ளை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கடையில் கிடைக்கும் பொம்மைப் பெட்டியை மருத்துவ சாலைக்குள் கொண்டுவரலாம் என்ற தைரியம் பலருக்கு அதிலிருந்துதான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதோடு 2007 கடைசியில் வந்த பேலன்ஸ் போர்டு. ஏறி நிற்கும் பலகை, நாலு மூலையிலும் நாலு கால். பார்த்த மாத்திரத்தில் "இது நம்ம கடை எலக்ட்ரானிக் தராசு ஆச்சே!" என்றேன். தெரபிஸ்ட் பெண் சிரித்தார். உண்மை அதுதான். எடை ஏறும்போது நூலிழை அளவு வளையும் உலோகம், அந்த வளைவை மின்சார அளவாக மாற்றும் சில்லு. நான் பாத்திரம் நிறுக்கும் தராசிலும் அதேதான். பலகையில் நாலு மூலைக்கு நாலு. எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று கூட்டிக் கழித்து, உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று திரையில் காட்டிவிடும். ஆஸ்திரேலியாவில் ராஸ் கிளார்க் என்பவரும் சகாக்களும் 2010இல் இதைப் பெரிய ஆய்வகங்களில் உள்ள விலையுயர்ந்த அளவுமேடையோடு ஒப்பிட்டார்கள். நிற்கும் சமநிலையை அளக்க இந்த மலிவுப் பலகை நன்றாகவே ஒத்துப்போனது.

பேரன் முதன்முதலாக அதில் நின்றபோது வலது காலில் 69 விழுக்காடு, இடது காலில் 31. ஆறு வருஷமாக "இடது காலை ஊன்றுடா" என்று கத்தியிருக்கிறோம். அவனுக்கு அது புரியவே இல்லை, ஏனென்றால் அவன் உணர்வில் அவன் நேராகத்தான் நின்றான். திரையில் புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றதைக் கண்டதும், "தாத்தா, நான் கோணலா நிக்கறேனா?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. தராசு பொய் சொல்லாது என்று நாற்பது வருஷம் வியாபாரத்தில் சொல்லியவன் நான்.

சரி, இதோடு கதை சுபமாயிற்றா என்றால் இல்லை. உற்சாகத்தில் நானே ஒரு பெட்டி வாங்கி வீட்டில் வைத்தேன். ஒரு வாரத்தில் பயல் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, நல்ல கையின் மணிக்கட்டை மட்டும் சொடுக்கி டென்னிஸில் ஜெயித்துக்கொண்டிருந்தான்! கோலை வீசியது வலது கையா இடது கையா, நின்றா உட்கார்ந்தா என்பது பெட்டிக்குத் தெரியாது. சொடுக்கினால் போதும் அதற்கு. இந்த இடத்தைப் பெற்றோர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். பின்னாளில் ஒரு தனியார் மையத்தில் 'கம்ப்யூட்டர் தெரபி' என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பிள்ளையை நாற்காலியில் உட்கார்த்தி நல்ல கையால் ஆடவிட்டு, ஊழியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மூன்று மாதக் கட்டணம் போனது போனதுதான்.

நல்ல தெரபிஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? கோலை மடங்கிய கையில் துணிப் பட்டையால் கட்டினார். நாற்காலியை எடுத்துவிட்டார். திரையை இடது பக்கம் நகர்த்தினார். தோற்றால் பெட்டி எழுப்பும் சோகச் சத்தத்தை அடைத்தார். ஏனென்றால் அந்த ஆட்டங்கள் நல்ல உடம்புள்ள பிள்ளைகளின் வேகத்துக்குச் செய்தவை, நம் பிள்ளை முதல் பத்து ஆட்டமும் தோற்பான்.

ஒரு சங்கடமும் வந்தது. இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய குத்துச்சண்டை ஆட்டம்தான் உத்தமம் என்றார். நான் தயங்கினேன். கையால் செய்யும் இம்சை, மனத்தால் செய்யும் இம்சை என்று எங்கள் நூல்கள் இரண்டாகப் பிரிக்கும். பின்னதைச் சின்னதாக எண்ணாது. பொம்மையைத்தானே குத்துகிறான் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் கோபிக்கவில்லை. "அங்கிள், இரண்டு கையும் வேணும், அவ்வளவுதான் எனக்கு" என்று சொல்லி, கினெக்ட் என்ற வேறு கருவிக்கு மாற்றினார். மைக்ரோசாப்ட் 2010இல் வெளியிட்டது. கையில் எதுவும் வேண்டாம், அகச்சிவப்புக் கேமரா உடம்பின் இருபது மூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும். அதில் கண்ணாடித் தொட்டியில் விழும் ஓட்டைகளைக் கையாலும் காலாலும் அடைக்கும் ஆட்டம் ஒன்று. ஒரே சமயத்தில் நாலு ஓட்டை விழும்போது இடது கையை மறந்தால் தண்ணீர் கொட்டும். பயல் மறக்கவில்லை. அதற்கும் குறை உண்டு. விரலசைவு அதன் கண்ணில் படாது, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்தால் இரண்டு உடம்பையும் குழப்பிக்கொள்ளும்.

ஆட்டம் முடிந்ததும் அவர் விட்டுவிட மாட்டார். பேரனுக்கு ஓர் ஆசை: கல்யாண வீட்டில் தட்டை இடது கையில் பிடித்துத் தானே பரிமாறிக்கொள்ள வேண்டும். அதையே இலக்காக வைத்தார். எடை ஏற ஏற வேறு வேறு தட்டு கேட்டார். நம் கடையில் தட்டுக்கா பஞ்சம்! 120 கிராமில் ஆரம்பித்து 350 கிராம் வரை நிறுத்துக் கொடுத்தேன். இருபது நிமிஷம் ஆட்டம், இருபது நிமிஷம் தட்டு. ஒன்றரை வருஷம் ஆயிற்று. பலகையில் இடது கால் 43க்கு வந்தது, 50 ஆகவில்லை. தட்டைப் பிடித்தான்.

அறிவியலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013இலும் 2020இலும் உலகத்து ஆய்வுகளையெல்லாம் திரட்டி, சாலை விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய காரியத்தையே நேராகப் பழகும் முறைக்குப் பச்சை. மற்றவர் கை காலைப் பிடித்து அசைத்துவிடும் பழைய முறைக்கு ஆதரவில்லை. திரை விளையாட்டு, அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து பலனைக் கூட்டக்கூடிய துணை. தனி மருந்தல்ல. டென்மார்க்கில் தொடங்கிய 'மிட்டி' என்ற இணையப் பயிற்சியை ஆஸ்திரேலியாவில் சுமார் 100 பிள்ளைகளுக்கு 20 வாரம் வீட்டிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். சில திறன்கள் கூடின. ஆனால் குறித்த நேரம் முழுவதையும் பல பிள்ளைகள் எட்டவில்லை. புது ஆட்டத்தின் மோகம் எத்தனை நாள்? வீட்டுக்கு வீடு வாசற்படி.

இன்னொரு தொல்லை, இந்தப் பெட்டிகளின் ஆயுள். கம்பெனிக்கு லாபம் குறைந்ததும் நிறுத்திவிடுகிறான். கினெக்ட் உற்பத்தி 2017இல் நின்றது, வீ அதற்கும் முன்பே. ஆகவே ஒரு கருவியின் பெயரைச் சொல்லி யாராவது பெருந்தொகை கேட்டால் யோசியுங்கள். சாதாரண கேமராவே மூட்டசைவைக் கண்டுபிடிக்கிற காலம் இது.

அந்தத் தாய்க்கு: பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் காரியத்துக்காக இந்த ஆட்டம்? பாதிப்புள்ள கைதான் ஆடுகிறது என்பதை யார் பார்த்துக்கொள்வார்? எத்தனை வாரம் கழித்து, எதை அளந்து சொல்வீர்கள்? பிள்ளைக்கு வலிப்பு இருந்தால் மின்னும் திரையைப் பற்றி நரம்பு மருத்துவரிடம் முதலில் கேட்டாக வேண்டும். இடுப்பு எலும்பு விலகாமல் இருக்கிறதா என்ற எக்ஸ்ரே பரிசோதனையை எந்த ஆட்டத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. 2016ஆம் வருஷச் சட்டத்தில் பெருமூளை வாதம் தனி ஊனமாகவே இடம்பெற்றிருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். மும்பையில் 1972இல் மிது ஆலூர் தொடங்கியது, கல்கத்தாவில் 1974இல் தொடங்கியது, சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யா சாகர் என்று பழுத்த அனுபவமுள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. ஊர் மாறிப் போகிறவர்களும் விசாரிக்கலாம்.

எங்கள் வீட்டுப் பெட்டியும் பலகையும் இப்போது பரணில் இருக்கின்றன. பலகைக்கு நாலு பென்சில் பேட்டரி போட்டால் வேலை செய்யும், போன மாதம்கூடப் போட்டுப் பார்த்தேன். வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகலாம். எப்படி நிற்க வைப்பது என்று பேரனே சொல்லித் தருவான்.